மதினியின் இரண்டு நாள்

அம்மாவுக்கு முப்பதுக்குப் பதினொன்று.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதம், மதுரையில் ஒரு மருத்துவமனை. வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனோம். மருத்துவர் இளம்பெண், பொறுமையாகப் பேசினார். கையில் ஒரு தாள், அதில் வரிசையாகக் கேள்விகள். இன்று என்ன தேதி? அம்மா யோசித்துவிட்டு, "பழம் எறிஞ்சு ஒரு வாரம் இருக்கும்" என்றாள். சேவுகம்பட்டிக்காரர்களுக்கு இது புரியும். எங்கள் ஊர் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் ஒவ்வொரு தை மூன்றாம் நாளும் கூடை கூடையாக வாழைப்பழத்தைக் கொண்டுவந்து சூறைவிடுவார்கள். அன்று தை பதினொன்று. அம்மா சொன்னது சரி. ஆனால் தாளில் கேட்டிருந்தது ஆங்கிலத் தேதி.

இது என்ன காலம்? "கலிகாலம்." நூறில் ஏழு போனால்? "எதுக்குப் போகுது?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். கடைசியாக, ஏதாவது ஒரு வாக்கியம் எழுதச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தார்கள். அம்மா அதை வாங்கி என்னிடம் நீட்டினாள். "எம்மக எழுதுவா. காலேஜுல வேல பாக்குறா."

அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி வரும்போது, நிலக்கோட்டை தாண்டிய பிறகு பேருந்தில் அழுதேன்.

அந்தக் கேள்வித்தாள் 1975இல் அமெரிக்காவில் உருவானது. உலகெங்கும் மறதிநோய்க்கு முதலில் எடுக்கும் தாள் அதுவோ அதன் சாயலோதான். எழுதுவது, கழிப்பது, இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது என்று பள்ளிக்கூடம் போனவர்களுக்கானது அது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பெண்ணிடம் அதைக் கொடுத்தால், அவள் எதை இழந்தாள் என்பதையும் அவளுக்கு எது கொடுக்கப்படவே இல்லை என்பதையும் சேர்த்துக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும். எங்கள் மருத்துவருக்கு இது தெரிந்திருந்தது. "இந்த மார்க்கை அப்படியே எடுத்துக்க வேண்டாம்" என்றார். 1990களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இதே சிக்கல் வந்தபோது, எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கென்று ஆய்வாளர்கள் இந்தியில் வேறு தாள் செய்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பின்னாளில் ஒரு கருவித்தொகுப்பை ஐந்து மொழிகளில் தயாரித்தது. இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். அந்த ஐந்தில் தமிழ் இல்லை. செம்மொழி மாநாட்டுக்குக் கட்டுரை வாசிக்கிறவர்கள் இதைப் பற்றி ஒரு தீர்மானமாவது போட்டிருக்கலாம் (நானும் வாசித்தவள்தான்).

பிறகு மருத்துவர் தாளை மூடிவைத்துவிட்டு எங்களிடம் கேட்கத் தொடங்கினார். வழி தெரியாமல் போனதுண்டா? அடுப்பை அணைக்க மறக்கிறார்களா? கடையில் மீதிச் சில்லறை எண்ணி வாங்குகிறார்களா? பொருளை யாரோ திருடிவிட்டதாகச் சொல்கிறார்களா? இருட்டினால் பதற்றம் கூடுகிறதா? கக்கூஸ் போகவேண்டும் என்று சொல்லத் தெரிகிறதா?

என்னால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. அண்ணனாலும் முடியவில்லை. எல்லாவற்றுக்கும் என் மதினி பதில் சொன்னார்கள். போன ஆடியில் அம்மா வத்தலக்குண்டு சாலையில் தனியாக நடந்துபோய்க்கொண்டிருந்ததை, தோட்டைத் திருடிவிட்டதாக மதினி மீதே மூன்று முறை பழி போட்டதை, குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டதை, பொழுது சாய்ந்ததும் சேலையை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலில் உட்காருவதை மாதம், கிழமையோடு சொன்னார்கள். மருத்துவர் எழுதிக்கொண்டே இருந்தார். ரத்தத்தில் தைராய்டு, பி12 பார்த்து, தலைக்கு ஸ்கேன் எடுத்து, மருத்துவர் கடைசியில் டிமென்ஷியா என்று முடிவு செய்ததற்கு அம்மாவின் பதினொன்றைவிட மதினியின் அந்தக் கால் மணி நேரப் பேச்சுதான் காரணம்.

ஊரில் இதற்கு "நெதானம் தப்பிருச்சு" என்பார்கள். ஈழத்தில் "அறளை பெயர்ந்துவிட்டது" என்கிறார்கள். நாம் செய்துகொண்ட "மறதிநோய்" என்ற சொல்லைவிட இரண்டும் மேல். மறதி அதில் ஒரு பங்குதான்.

1998இல் சில ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். அதன் பெயரே ஒரு கணக்கு: 10/66. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் ஏழை, நடுத்தர நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நடக்கும் ஆய்வோ மொத்தத்தில் 10 விழுக்காடுகூட இல்லை. அந்தக் குழுவின் களங்களில் சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் உண்டு. படிக்காதவர்களை எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட வழியில் பாதி, வீட்டில் கூட இருக்கிறவரை உட்காரவைத்துக் கேட்பது. ஆய்வுமொழியில் அவருக்குப் பெயர் 'தகவல் தருபவர்'. எங்கள் வீட்டில் மதினி தந்தது தகவல்தான். அதைச் சேகரிக்க அவர்களுக்கு ஆன செலவு எத்தனை இரவுத் தூக்கம் என்று எந்தத் தாளிலும் கட்டம் இல்லை. இந்த நோயே 1901இல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 51 வயதுப் பெண் ஒருத்தியிடம்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அவள் பெயர் அகுஸ்டே டேட்டர். நோய்க்கு வைத்தது அவளைப் பரிசோதித்த அல்சைமரின் பெயரை.

எண்களைக் கொஞ்சம் பார்க்கலாம். 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கிறது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆண்களில் ஆறு விழுக்காடு என்றால் பெண்களில் ஒன்பது. நகரத்தைவிடக் கிராமத்தில் கூடுதல். பெண்கள் அதிக நாள் வாழ்வதால் என்று ஒரு காரணம் சொல்வார்கள். அது முழுக் காரணம் இல்லை. லான்செட் இதழின் வல்லுநர் குழு 2024இல் பட்டியலிட்ட, நாம் மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களில் சிறுவயதில் கல்வி கிடைக்காததும் ஒன்று. காது கேளாமை, பார்வைக் குறை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு எல்லாம் அதில் உண்டு.

பட்டியலைப் படித்தபோது அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை யாரோ எழுதியதுபோல் இருந்தது. தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்க்க வேண்டும் என்று அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே இல்லை. நாற்பது வருடம் விறகடுப்புப் புகை. காதில் சீழ், கடைசிவரை மருத்துவம் பார்க்கவில்லை. பட்டிவீரன்பட்டியில் காப்பிக் கம்பெனியில் காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலை. தாண்டிக்குடி மலையிலிருந்து இறங்கும் கொட்டையில் கறுப்பு, உடைசல், பூச்சி அரித்தது எல்லாவற்றையும் கையால் பிரிக்க வேண்டும். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து குனிந்தபடி பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூலியில்தான் என்னைத் தமிழ் இலக்கியம் படிக்கவைத்தாள். நான் முனைவர் பட்டம் வாங்கிய அன்று அம்மாவுக்கு அந்தப் பட்டம் என்னவென்று விளங்கவில்லை. "டாக்டராமுல்ல, ஊசி போடுவியா?" என்று கேட்டாள்.

ஆக, ஏழு வயதில் ஒரு பெண்குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாததன் வட்டி எழுபது வயதில் அவள் மூளையிலிருந்து வசூலாகிறது. அப்போது சம்பந்தப்பட்டவர்கள் யாரும் உயிரோடு இருப்பதில்லை. கணக்கை அடைக்கிறவள் இன்னொருத்தி.

அந்த இன்னொருத்தியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். என் மதினி பத்தாம் வகுப்பு வரை படித்தவர்கள். கணக்கில் நல்ல மதிப்பெண். அண்ணனுக்குக் கட்டிக்கொடுத்தபோது பத்தொன்பது வயது. இப்போது ஐம்பத்திரண்டு. நான் திண்டுக்கல்லில் கல்லூரியில் பெண்ணியத் திறனாய்வு நடத்துகிறேன். வீட்டு உழைப்பு ஏன் உழைப்பாகக் கருதப்படுவதில்லை என்று முதுகலை மாணவிகளுக்கு மூன்று வகுப்பு எடுப்பேன். 2019இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப்போடுவேன்: வீட்டு வேலை செய்யும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம், செய்யும் ஆண் 97 நிமிடம். வீட்டாரைப் பராமரிப்பதில் பெண் 134, ஆண் 76. செய்வதாகச் சொன்ன ஆண்களின் சராசரிதான் இது, எதுவும் செய்யாதவர்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை என்று சொன்னதும் மாணவிகள் சிரிப்பார்கள். மணி அடிக்கும். நான் அறைக்கு வந்து மதினிக்குப் போன் போட்டு, "அம்மா சாப்பிட்டாங்களா மதினி?" என்று கேட்பேன்.

அம்மா என் பெயரை மறந்த அன்று ஒரு கவிதை எழுதினேன். ஒரு சிற்றிதழில் வந்தது. பலர் பாராட்டினார்கள். அடுத்த முறை ஊருக்குப் போனபோது மதினி அதைப் படித்திருந்தார்கள். "நல்லாருக்கு பாப்பா" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலை நிமிராமல், "ராத்திரி கத்துறத எழுதலையே" என்றார்கள்.

குறையாகச் சொல்லவில்லை. கவிதையில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ராத்திரி அம்மா கத்துவதை நான் கேட்டதே இல்லை.

அகப்பாடல் நடத்தும்போது நற்றாய் வேறு, செவிலி வேறு என்று சொல்லிக்கொடுப்போம். பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி. மகள் உடன்போக்கில் போய்விட்டால் இருவரும் புலம்புவார்கள். இருவருக்கும் தொல்காப்பியம் பேச்சு ஒதுக்கியிருக்கிறது. பாலை வெயிலில் மகளைத் தேடி நடப்பதோ செவிலி. இத்தனை வருடம் இதைத் துறை விளக்கமாக மட்டுமே சொல்லிவந்திருக்கிறேன். நம் வீடுகளில் இப்போது பெற்ற மகள் புலம்புகிறாள், வந்த மகள் தேடி நடக்கிறாள். புலம்பல்தான் அச்சேறுகிறது. சினிமாவிலும் அப்படித்தான்: 'ஓ காதல் கண்மணி'யில் மறதி வந்த மனைவியைக் கணவர் பரிவோடு பார்த்துக்கொள்வதைப் பார்த்துக் கலங்காதவர்கள் இல்லை. நானும் கலங்கினேன். அப்படிப்பட்ட ஒரு கணவரையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று பட்டிவீரன்பட்டியிலிருந்து ஆத்தூர் வரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 'பிள்ளைகள்' என்று வரையறுப்பது மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரை. மருமகள் அதில் இல்லை. 2019இல் கொண்டுவந்த திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் சேர்க்கப் பார்த்தது; அது சட்டமாகவில்லை. வாரிசுரிமையிலும் அப்படியே. வீடு அப்பா பெயரில் இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் போய்விட்டார். அம்மா, அண்ணன், நான் மூவருக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே திருத்தம் கொண்டுவந்ததைப் பெண்ணியக் கூட்டங்களில் நான் பெருமையாகச் சொல்லாமல் இருந்ததில்லை. பெருமைதான். ஆனால் இந்த வீட்டை வைத்துப் பார்த்தால் படம் இப்படி: அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் கடமை சட்டப்படி எனக்கு, வீட்டில் பங்கும் எனக்கு. மதினிக்குக் கடமையும் இல்லை, பங்கும் இல்லை. அவர்களிடம் இருப்பது வேலை மட்டும்.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்று போன வருடம் கிளம்பினேன். சம்பளத்தில் மாதம் ஒரு தொகையை மதினி கணக்கில் போடுகிறேன் என்றேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "காசு குடுத்தா அவ வேலக்காரியா? பெத்த தாயப் பாக்குறதுக்குக் கூலியா?" என்றான். 'பெத்த தாய்' என்றால் யாரைப் பெற்ற தாய் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அண்ணன் கெட்டவன் இல்லை. மாத்திரை வாங்கிவருவான், தூக்க வேண்டுமென்றால் தூக்குவான். குளிப்பாட்டக்கூட ஒருமுறை முயன்றான். அம்மா மாராப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டாள். மகன் என்பது மறந்திருக்கலாம். ஆண் என்பது மறக்கவில்லை. அந்தக் கூச்சம் அம்மாவிடம் மிஞ்சியிருக்கும் 'தான்' என்பதன் ஒரு துண்டு. ஆண்களும் பராமரிப்பில் இறங்க வேண்டும் என்று மேடையில் பேசுகிற நான் அதை என்ன செய்வது? அதை உடைத்துத்தான் சமத்துவம் வர வேண்டுமென்றால் எனக்கு அது வேண்டாம். அதே சமயம் அம்மாவின் கூச்சத்துக்கான முழு விலையையும் மதினியின் இடுப்புவலி கொடுக்க வேண்டும் என்பதும் நியாயம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அண்ணன் துணி துவைக்கலாம், சமைக்கலாம், இரவு கண்விழிக்கலாம் என்ற வரைக்கும் வந்திருக்கிறோம். துவைக்கிறான், மெஷினில்.

பணத்தைப் பற்றி மதினியிடம் தனியாகக் கேட்டேன். அவர்கள் சொன்னது: "காசு வேணாம்னு சொல்ல மாட்டேன் பாப்பா, குடு, வாங்கிக்கிறேன். ஆனா மாசத்துல ரெண்டு நாள் எனக்கு வேணும். கதவப் பூட்டிக்கிட்டுத் தூங்கணும். யாரும் என்னக் கூப்புடக் கூடாது."

டிமென்ஷியா பராமரிப்பில் உலகம் முழுக்க இதைத்தான் கேட்கிறார்கள்: பார்த்துக்கொள்கிறவருக்கு ஓய்வு. இந்த நோயுள்ளவர்களைப் பராமரிக்கும் நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கேரளத்தில் 1992இலேயே ஜேக்கப் ராய் என்ற மருத்துவர் இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்; 2014இல் அங்கே அரசுத் திட்டமாகவும் வந்தது. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு முதியோர் மறதிக்கும் சேர்த்துப் பணி செய்கிறது. கோவாவில் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பியபோது பார்த்துக்கொள்கிறவர்களின் மனச்சுமை குறைந்தது என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. சேவுகம்பட்டிக்கும் இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் வருகிறார். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த மாத்திரையும் மூளையைக் காப்பதுதான். அவரும் ஒரு பெண். அவர் வீட்டிலும் ஒரு மாமியார் இருக்கிறார்.

பயிற்சி என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது. 'குடும்பத்தின் திறனை வளர்ப்பது' என்று திட்ட அறிக்கைகளில் எழுதுகிறார்கள். குடும்பம் என்றால் மதினி. அவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள்? அம்மா "தோட்டைத் திருடிட்ட" என்றால் மறுக்காமல் "வாங்க அத்தே, தேடுவோம்" என்று கூடச் சேர்ந்து தேட வேண்டும் என்பதை மதினி தானாகவே கண்டுபிடித்தார்கள். வீட்டுக்குப் போகணும் என்றால் கையைப் பிடித்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி அதே வீட்டுக்கு அழைத்துவருவதையும். பிற்பாடு ஒரு கையேட்டில் இரண்டையும் படித்தேன். மதினியிடம் திறன் இருக்கிறது, நேரம்தான் இல்லை. பயிற்சி கொடுத்தால் அதே ஆளின் மேல் இன்னும் ஒரு வேலை ஏறும். ஊர் தோறும் அங்கன்வாடி வைத்து, தாய்மார் வேலைக்குப் போக வழி செய்த மாநிலம் இது; ஐம்பதாயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. அதைப்போல முதியவர்களைப் பகலில் விட்டுவர ஒரு அறை, ஒரு திண்ணை, ஒரு கக்கூஸ், இரண்டு ஆட்கள் போதும். அங்கும் வேலை பார்க்கப்போவது பெண்கள்தான், குறைந்த சம்பளத்துக்குத்தான், தெரியும். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு வருகைப் பதிவேடு இருக்கும். மாலை ஐந்து மணி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இருக்கும். சம்பளம் போதவில்லை என்று கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்கார முடியும். மருமகள் எங்கே போய் உட்காருவாள்?

அன்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அம்மா இப்போது மதினியை "ஆத்தா" என்று கூப்பிடுகிறாள், செத்துப்போன தன் தாய் என்று நினைத்து. அப்போது மதினி அம்மாவின் தலையைக் கோதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதை யாரும் கடமை என்று சொல்ல முடியாது. ஆனால் அன்பு இருக்கிறது என்பதால் அது கட்டாயம் இல்லை என்று ஆகிவிடுமா? 'மாட்டேன்' என்று சொல்ல வழியிருந்து, சொல்லாமல் இருந்தால் அல்லவா அதைப் பரிசு என்று வாங்கிக்கொள்ள முடியும்? மதினிக்கு அந்த வழியை நாங்கள் யாரும் திறந்துவைக்கவில்லை. அதனால் அவர்கள் கொடுத்ததில் எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு நாங்கள் எடுத்துக்கொண்டது என்று எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. எங்களிடமிருந்து அவர்களுக்கு நேர்ந்த அநீதிகளில் இதைத்தான் பெரியது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. போன மாதம் தன்னார்வலர் அம்மாவுக்குப் பார்த்துவிட்டு மதினிக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். 160. தூக்கமின்மை, தனிமை, மனச்சோர்வு, அழுத்தம். லான்செட் பட்டியல் அடுத்த தலைமுறைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. மதினிக்கு இரண்டு மகன்கள். ஒருவன் திருப்பூரில், ஒருவன் ஓசூரில். நாளை ஒரு மருத்துவர் யாரையாவது உட்காரவைத்து மதினியைப் பற்றிக் கேட்டால் தேதி, கிழமையோடு சொல்ல யார் இருப்பார்கள்?

இப்போது மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு நான் போகிறேன். முதல் இரவே அம்மா கத்துவதைக் கேட்டேன். அது கவிதைக்குள் அடங்காது. யாரையோ கூப்பிடுகிற கத்தல், போய் நின்றால் நம்மை இல்லை. மூன்று முறை சேலை மாற்றினேன். இரண்டாவது தடவை கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கினேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். மதினி ஒருநாளும் ஓங்கியதில்லை என்று நினைத்திருந்தேன். கேட்டபோது, "ஓங்காமயா?" என்றார்கள்.

பகலில் அம்மாவுக்கு முறத்தில் கடலையைப் போட்டுக்கொடுத்தால் போதும். கறுப்பு ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். விரல் ஒன்றுகூடத் தவறுவதில்லை. கம்பெனி வேலையை விட்டு இருபது வருடம் ஆகிறது. என்னை "டீச்சர்" என்கிறாள். "டீச்சர், எடை போட்டுக்கங்க" என்று முறத்தை நீட்டுகிறாள். நான் வாங்கி உள்ளே போய், எல்லாவற்றையும் மறுபடி கலந்து கொண்டுவந்து கொடுக்கிறேன். உள்ளறையில் தாழ் போட்டிருக்கும். மதினி தூங்குகிறார்கள்.

வரும் சனிக்கிழமை எனக்கு விடைத்தாள் திருத்தும் பணி போட்டிருக்கிறார்கள். மதினியிடம் இன்னும் சொல்லவில்லை.